அனிட்டா அக்கா வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

அனிட்டா அக்காவை நான் முதன்முதலில் பார்க்கப்போனபோது அவரால் தன் வீட்டுக் கதவைத் திறக்க முடியவில்லை.

பாபநாசத்தில் ரயிலடிச் சாலையிலிருந்து உள்ளே போனால் மூன்று சந்துகள் கூடுகிற இடம் ஒன்று வரும். அங்கேதான் ரெத்தினம் வீடு. அந்த வீட்டு மாடியறைக்கு நான் குடிவந்தது ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"கொண்டிய தள்ளிட்டு வாங்க. தாப்பா போடல. என் கை ரெண்டும் மாவு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தள்ளிக்கொண்டு போனேன். கூடம் முழுக்க சிமெண்டுச் சாக்குகளைப் பிரித்து விரித்திருந்தார்கள். நடுவில் பெரிய அலுமினியத் தாம்பாளம், அதில் வெள்ளைக் குழம்பு. சுற்றி ஆறேழு பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதுப் பெண் ஒருவர் முழங்கை வரைக்கும் அந்தக் குழம்பில் கைவிட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாடிக்கு வந்த தம்பியா? மோட்டார் சுவிட்சு அடுப்படியில இருக்கு. நீங்களே போட்டுக்குங்க தம்பி. எந்திரிச்சேன்னா வீடெல்லாம் கோலம் போட்டுருவேன்."

தம்பி என்றது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. மறுநாள் காலை நான் ஒரு தனியார் பள்ளியில் ரசாயன ஆய்வகத்தில் வேலைக்குச் சேரவிருந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தாசில்தார் கையெழுத்துப் போட்டுத் தந்த முதல் பட்டதாரிச் சான்றிதழை லேமினேஷன் செய்து பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். இனி எல்லோரும் என்னை சார் என்றுதான் கூப்பிடப்போகிறார்கள் என்ற எண்ணத்தில்தான் நன்னிலத்தில் பஸ் ஏறியிருந்தேன்.

மோட்டாரைப் போட்டுவிட்டுக் குடம் நிறையும் வரை நின்று பார்த்தேன். அது சோளமாவும் தண்ணீரும். ஓங்கிக் குத்தினால் கல்லாக இறுகும். மெல்லக் கையில் அள்ளினால் ஒழுகிவிடும். பிள்ளைகள் அதற்குக் கோவக்கார மாவு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அடிச்சா அடிக்கும், கொஞ்சுனா கொழையும்" என்றாள் அவர்களில் வாயாடியான ஒரு பெண். எதிர் வீட்டு ஷைலஜா. ஒன்பது வயது. "எங்கம்மா மாதிரியே."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. அது அக்காவின் மகள் அமலி. அப்போது நாலரை வயது.

அமலியைப் பற்றி அக்காவே பிறகு என்னிடம் சொன்னார். ஈரமாக, பிசுபிசுவென்று இருக்கும் எதையும் அந்தக் குழந்தையால் தொட முடியாது. தயிர்சாதம் ஒரு பருக்கை விரலில் ஒட்டினால் போதும், உடம்பெல்லாம் விறைத்து அலறும். சில சமயம் வாந்தி எடுக்கும். முறுக்கு, ரஸ்க், தோசையின் முறுகின ஓரம் இவைதான் சாப்பாடு. ஊட்டினாலும் சோறு உதட்டில் படக்கூடாது. தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். அவர், திட்டக்கூடாது, கட்டாயப்படுத்தக்கூடாது, விளையாட்டாக ஒவ்வொன்றாகத் தொடவையுங்கள், மற்ற பிள்ளைகள் தொடுவதைப் பார்த்தால் தானாகக் கை வரும் என்று சொன்னாராம். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்.

"என் கைய பாத்தா அவளுக்குப் பயம் போவல தம்பி. நான் அம்மா, நான் எதையும் தொடுவேன்னு நெனைக்கிறா. ஷைலு தொட்டு, ஷைலுவுக்கு ஒண்ணும் ஆவலன்னாத்தான் நம்புறா."

கணவர் ஜெரால்ட் வயரிங் வேலைக்காரர். பாசஞ்சர் ரயிலில் தஞ்சாவூர் போய் வருவார். ஞாயிறு காலை மூவரும் சர்ச்சில் பூசைக்குப் போய் வந்ததும், ஜெரால்ட் அண்ணன் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். பத்து மணிக்குச் சாக்கு விரிப்பார்கள். ஒரு வாரம் உமி. மில்லிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து அண்டாவில் கொட்டி, அதற்குள் கோலிக்குண்டுகளைப் புதைத்துத் தேடச் சொல்வார். ஒரு வாரம் சப்ஜா விதையை ஊறவைத்து. ஒரு வாரம் செம்பருத்தி இலையைக் கசக்கி, அந்தக் கொழகொழத் தண்ணீரில் பொம்மைக்குத் தலைகுளிப்பாட்டு. ஒரு வாரம் வாய்க்கால் வண்டல்.

அந்த வண்டல் வாரம் எனக்குப் பிடிக்கவில்லை. என் அம்மா நடவுக்குப் போகிறவர். ஐப்பசி கார்த்திகையில் அவர் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். சாயங்காலம் வந்து மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொள்வார். அந்தச் சேற்றில் நான் இறங்கக்கூடாது என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். இங்கே ஒருவர் சேற்றை வாளியில் அள்ளி வந்து கூடத்தில் கொட்டுகிறார்.

"ஏங்க்கா, சேத்துலயிருந்து வெளிய வர்றதுக்குத்தானே எல்லாரும் படிக்கிறோம்?" என்று கேட்டேன்.

"வெளிய வாங்க, யாரு வேணாம்னா? கைய கழுவுறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார். பிறகு, "எறங்க வேண்டியிருக்கிறவங்களுக்கு அது சேறு தம்பி. எம்மவளுக்கு அது மருந்து" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நானும் ஞாயிறுகளில் போகத் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், அங்கே போனதில் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவுவதும் குப்பிகளில் லேபிள் ஒட்டுவதும்தான் என் வேலை. பாடம் நடத்த விடமாட்டார்கள். அக்கா வீட்டில் ஏன், எப்படி என்று விளக்க என்னால் முடிந்தது. "இது நியூட்டன் விதிக்குக் கட்டுப்படாத திரவம்" என்று நான் ஆரம்பித்தால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஷைலஜா மட்டும், "சார், கையில அள்ளிக்கிட்டுப் பேசுங்க. ஒழுகாம எவ்ளோ நேரம் பேசுறீங்கன்னு பாப்போம்" என்பாள்.

ஆடி போய், ஆவணி போய், அமலி நகர்ந்து வந்தாள். முதலில் சுவரை விட்டு வந்தாள். பிறகு சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். புரட்டாசியில் ஒருநாள் ஆள்காட்டி விரல் நுனியால் கோவக்கார மாவைத் தொட்டுவிட்டு, உடனே அம்மாவின் முந்தானையில் துடைத்தாள். அக்கா அன்று முழுவதும் அந்தப் புடவையை மாற்றவில்லை. கிறிஸ்துமஸுக்குள் உள்ளங்கை. தை மாதம் சம்பா அறுப்பு முடிந்து உளுந்து முளைத்து நின்ற நேரத்தில், ஷைலஜாவும் மற்றவர்களும் கைவிட்டிருந்தால் அமலியும் மணிக்கட்டு வரை விடுவாள். மற்றவர்கள் எடுத்தால் இவளும் எடுத்துவிடுவாள். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அங்கே மதியம் தானாகக் கையால் சாப்பிட வேண்டும்.

"ஜூனுக்குள்ள ஒரு வாய் ரசஞ்சாதம். அவ கையால. அவ்ளோதான் தம்பி நான் கேக்கறது" என்று அக்கா சொல்வார்.

அக்காவுக்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. விளையாடி முடித்த தண்ணீர், மாவு, சேறு எதுவானாலும் கொல்லையில் வாழை அடிக்குத்தான் போகவேண்டும். வாசல் பக்கம் ஒரு சொட்டு விழக்கூடாது.

"இந்தச் சந்துல நாங்க ஒரு வீடுதான் வேதக்காரங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுக்காக நாம இடம் குடுக்கக் கூடாதுல்ல" என்று எனக்கும் சொல்லியிருந்தார்.

மாசி மாதத்தில் ரெத்தினத்தின் மகள் வானதி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு மெல்ல நடப்பாள். அவளுடைய அம்மா மங்களாம்பிகை அம்மாள் அவளைத் தாங்குதாங்கென்று தாங்கினார். நான் வந்த நாளிலிருந்தே அவர் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். "எங்க மாடியில ஒரு சயின்ஸ் சார் இருக்காரு" என்று சொந்தக்காரர்களிடம் போனில் சொல்வது எனக்கு மேலேயே கேட்கும். அக்காவோடும் அவர் பகையில்லை. குழம்பு கொடுத்து வாங்குவார்கள். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"தஞ்சாவூர் சீமையில பொறந்துட்டு சோத்தப் பாத்துப் பயப்படுற புள்ளைய இப்பதாம்மா பாக்கறேன்" என்பார் அமலியைப் பார்த்து.

"வெல ஏறுதுல்லங்க, அதான் மிச்சம் பண்றா" என்று அக்கா சிரித்துவிட்டுப் போவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம் என்று அக்கா கேட்டபோது, "இந்த வாரம் நான் ஒண்ணு காட்டுறேங்க்கா" என்று முந்திக்கொண்டேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி போட்டால் சிவக்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். சுண்ணாம்பை மட்டும் நான் என் கையில் வைத்துக்கொண்டேன். எலுமிச்சையைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று கூடம் அமர்க்களப்பட்டது. அமலி யாரும் சொல்லாமலே கையை விட்டாள். மஞ்சள் தண்ணீருக்குள் விரல்களை விரித்து, மூடி, விரித்துப் பார்த்தாள். பிறகு எலுமிச்சையை எடுத்துத் தானே பிழிந்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. அவள் அலறவில்லை. அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

விளையாட்டு முடிந்ததும் அக்கா அமலியைக் கொல்லைக் கிணற்றடிக்குக் குளிப்பாட்டத் தூக்கிப்போனார். பிள்ளைகளின் கிண்ணங்களையெல்லாம் தாம்பாளத்தில் கவிழ்த்தேன். மிஞ்சின சுண்ணாம்பையும் அதிலேயே கரைத்துவிட்டேன். ரத்தமாகச் சிவந்தது. பிழிந்த எலுமிச்சை மூடிகள் ஏழெட்டு அதில் மிதந்தன. கொல்லையில் அக்கா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, ரெத்தினம் வீட்டு இரும்புக் கேட்டுக்கு எதிரே சாக்கடையோரம் சாய்த்தேன். பாதி சாக்கடையில் போயிற்று. பாதி தெருவில் ஓடியது. "சார், அங்க ஊத்தக் கூடாதுன்னு ஆன்ட்டி சொல்லியிருக்காங்க" என்று ஷைலஜா பின்னாலிருந்து சொன்னாள். "ஒரு நிமிஷத்துல காஞ்சிரும்" என்றேன்.

அன்று அமாவாசை. ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்த நாள், உச்சிவெயில் நேரம், மூன்று சந்து கூடுகிற இடம், சிவப்புத் தண்ணீர், அறுத்த எலுமிச்சம்பழம். பூசைக்குப் போய்வருகிற அக்காவுக்கு அமாவாசைக் கணக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அம்மா அன்றைக்குத் தெருமுனையைத் தாண்டுகிறபோது தரையைப் பார்த்துத்தான் நடப்பார். கழிப்பு கழித்துப் போட்டதை யாரும் மிதித்துவிடக் கூடாது. நான் அந்தக் காலண்டரைப் படிப்பு முடிந்ததோடு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கோவிலுக்குக் கிளம்பிய வானதி அதை மிதித்துவிட்டாள்.

மறுநாள் காலை அவளுக்குத் தலைசுற்றலும் கால்வீக்கமுமாகி, கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் ஏறியிருக்கிறது, இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சேர்த்துக்கொண்டார். நாலு மணிக்கு நான் பள்ளியிலிருந்து வரும்போது, துணிமணி எடுக்க வந்த மங்களாம்பிகை அம்மாள் தெருவில் நின்றுகொண்டிருந்தார். தலை கலைந்திருந்தது. சந்தே கூடியிருந்தது. அக்கா தன் வாசலில் நின்றார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அமலி.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, இதெல்லாம் நம்ப மாட்டீங்கன்னுல்ல நெனச்சேன்! உம் புள்ள இப்புடி இருக்குன்னா அதுக்குக் கழிச்சு எங்க வாசல்லயா கொட்டுவ? எம் புள்ள வயித்துல இருக்கறது என்னடி பண்ணுச்சு?"

"ஐயோ, அப்புடியெல்லாம் சொல்லாதீங்க. அது புள்ளைங்க வெளையாடுன தண்ணி."

"வெளையாட்டா? அமாவாச அன்னிக்கு எம் பொண்ணு நெறமாசமா இருக்கற வாசல்ல எலுமிச்சம்பழ வெளையாட்டா?"

என்னைப் பார்த்ததும் ரெத்தினம் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். "இருங்க. சார் வந்துட்டாரு. படிச்சவரு, அவரு சொல்லட்டும்."

எல்லோரும் திரும்பினார்கள். தோளில் பை, சட்டைப்பையில் பள்ளி அடையாள அட்டை. நான் பேசத் தொடங்கினேன். மஞ்சளில் ஒரு நிறமி இருக்கிறது, அது காரத்தோடு சேரும்போது சிவக்கும், அமிலம் சேர்ந்தால் பழைய நிறத்துக்கு வரும், இதில் அச்சப்பட எதுவும் இல்லை என்று, பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன்.

ரெத்தினம் பொறுமையாகக் கேட்டார். "அது சரிங்க சார். ஆலத்தித் தண்ணி எப்புடி செவக்கும்னு இந்தத் தெருவுல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். அதக் கேக்கல. யாரு கொண்டாந்து எங்க வாசல்ல ஊத்துனது? அதச் சொல்லுங்க."

ஒரு வார்த்தை. நான் என்ற ஒரு வார்த்தை போதும்.

"சார்தான் மாமா…" என்று ஷைலஜா ஆரம்பித்தாள். அவள் அம்மா பளீரென்று வாயில் அடித்தார். "பெரியவங்க பேசற எடத்துல என்னடி வாய்? சார் மேலயே சொல்றியா?"

ஷைலஜா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அக்காவும் என்னைப் பார்த்தார். நான் ஏன் பேசவில்லை என்று இத்தனை நாள் யோசித்திருக்கிறேன். அந்தச் சந்தில் என்னை எல்லோரும் சார் என்றார்கள். முச்சந்தியில் எலுமிச்சம்பழம் கொட்டியவன் என்றால் அடுத்த கேள்வி, இவன் எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்றுதான் நான் அவ்வளவு படித்திருந்தேன். இதுதான் காரணம். வேறு நல்ல காரணம் எதுவும் தேடிக் கிடைக்கவில்லை.

ஷைலஜாவின் அம்மா இரண்டாவது முறை கை ஓங்கினார்.

"புள்ளைய அடிக்காதீங்க. நான்தான் ஊத்துனேன்" என்றார் அக்கா. "தெரியாம ஊத்திட்டேன். மன்னிச்சிருங்கம்மா."

மங்களாம்பிகை அம்மாள் மண்ணை வாரித் தூற்றவில்லை, சாபம் விடவில்லை. "நல்லாயிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அக்கா சாக்கு விரித்தார். மாவு கரைத்தார். பதினோரு மணி வரை ஒருவரும் வரவில்லை. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிப் போனேன். அமலி தாம்பாளத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஷைலு வரட்டும்" என்றாள்.

"நான் வந்துருக்கேன்ல. இங்க பாரு" என்று என் கையை முக்கிக் காட்டினேன்.

கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க பெரியவங்க."

பிள்ளைகள் வராத ஞாயிறுகள் நாலு ஆயின, ஐந்து ஆயின. ஷைலஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். அவள் அம்மா இழுத்துக்கொண்டு போவார். பங்குனிக்குள் அமலி தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னியைக் கூடத் தள்ளிவைத்தாள். மஞ்சள் தண்ணீரில் விரலை விரித்த பிள்ளை, தலைக்கு எண்ணெய் வைக்கவே அலறத் தொடங்கியது.

ஒருநாள் கிணற்றடியில் தாம்பாளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, நான் அன்னிக்குச் சொல்லியிருக்கணும்."

"ஆமா தம்பி. சொல்லியிருக்கணும்."

தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க என்னைய நாலு வார்த்த திட்டிருங்க."

"திட்டுனா உங்களுக்கு நல்லாயிருக்கும். அதான் திட்டல." தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தார். "இப்பவாவது போயி சொல்லுங்க. என் பேருக்காக இல்ல. நாலு புள்ளைங்க திரும்ப வந்தாப் போதும். ஜூனுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

வானதிக்குக் குறித்த நாளுக்கு மூன்று வாரம் முந்தியே பிரசவமாகி, ஆண் குழந்தை நல்லபடியாகப் பிறந்திருந்தது. தீட்டுக் கழிக்கும் புண்ணியாகவாசனம் முடிந்து ரெத்தினம் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்த ஒரு சாயங்காலம் அங்கே போனேன். ஷைலஜாவின் அம்மாவும் வந்திருந்தார். தட்டில் மைசூர்பாகு வைத்து என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காராமல் சொன்னேன். மஞ்சள் கரைத்தது நான், எலுமிச்சை வாங்கியது நான், ஊற்றியது நான், ஷைலஜா சொன்னதுதான் நிஜம், அனிட்டா அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் சொன்னேன். இந்தத் தடவை பாடப்புத்தகம் மாதிரி வரவில்லை.

மங்களாம்பிகை அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் இளகியது.

"சார், உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு! அந்தப் பொண்ணு படற பாட்டப் பாக்கப் பொறுக்காம, பழிய நீங்க ஏத்துக்கிறீங்க."

"இல்லீங்கம்மா, நெசமாவே நான்தான்…"

"அவங்களே ஒத்துக்கிட்டாங்களே சார். பண்ணாதத யாராவது பண்ணேன்னு சொல்லுவாங்களா?"

"சரி, நீங்கதான் ஊத்துனீங்கன்னே வச்சுக்குவோம்" என்றார் ஷைலஜாவின் அம்மா. "அன்னிக்கு அங்கதானே நின்னுக்கிட்டிருந்தீங்க? எம் பொண்ண அடிச்சனே, பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? உங்கள மாதிரி படிச்சவரு அப்புடி நிப்பாரா?"

நான் மைசூர்பாகுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். ரெத்தினம் என் தோளில் தட்டி, "படிச்சவங்கன்னா இப்புடி இருக்கணும்" என்றார். குழந்தையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். சார் மாதிரி வரணும் என்று ஆசீர்வாதம் பண்ணச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் எனக்கு மரியாதை இன்னும் ஒருபடி கூடிவிட்டது.

அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"நான் எதுக்குத் தம்பி சொன்னேன்? அந்தப் பாப்பாவ அடிக்கக் கூடாதுன்னு ஒரு நிமிஷத்துக்குச் சொன்னேன். நீங்க அப்புறமாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அன்னிக்குச் சாயங்காலம். இல்லாட்டி மறுநா."

கூடத்தில் கிடந்த சாக்கை எடுத்து மடித்தார்.

"நாப்பது நாள் கழிச்சு சொன்னா அது கததான்" என்றார்.

ஜூனில் அமலியை அந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் வாரமே டப்பா திறக்கப்படாமல் திரும்பி வந்தது. பக்கத்துப் பிள்ளை சாம்பார்க் கையால் தொட்டதற்கு அவள் அலறிய அலறலில் வகுப்பே நின்றுபோனதாம். இரண்டாவது வாரம் பள்ளியில் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துப் பழக்குங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். பழக்குவதற்கு அந்தச் சந்தில் பிள்ளைகள் இல்லை. டாக்டரம்மா இருக்கிற ஊரிலேயே இருந்துவிடலாம் என்று ஜெரால்ட் அண்ணன் முடிவு பண்ணினார். ஆடி பிறப்பதற்கு முன்னாலேயே ஒரு குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றினார்கள். நானும் கட்டிலைப் பிடித்துத் தூக்கினேன். உமி மூட்டையை அக்கா யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். யாரும் வாங்கவில்லை.

"வர்றேன் தம்பி. நல்லாப் படிங்க, இன்னும் படிங்க" என்றார். அவர் குத்திச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கில்லை.

இப்போது நான் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ரசாயனம் நடத்துகிறேன். அனிட்டா அக்கா தஞ்சாவூரில், மெடிக்கல் காலேஜ் சாலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். காலையில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா வேலை. ஜெரால்ட் அண்ணனுக்கு அங்கேயே வயரிங் வேலை கிடைக்கிறது. அமலி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள், கணக்கில் கெட்டி. சோறு சாப்பிடுகிறாள், ஸ்பூனால். கையால் இன்னும் தொடவில்லை.